தெரியாதவர்கள் மட்டும் கேட்கலாம்

இதைச் சொல்ல எனக்குச் சட்டப்படி உரிமை கிடையாது. அதனால் ஊரை மாற்றிவிட்டேன், பெயர்களை மாற்றிவிட்டேன், சாப்பாட்டைக்கூட அங்கங்கே மாற்றிவிட்டேன். உறவுமுறைகளை மட்டும் தொடவில்லை. உறவை மாற்றினால் வலி மாறிவிடும் என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆகவே என் பெயர் செண்பகவல்லி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊர் கோவில்பட்டி. தொழில், சரக்கு ரயில் ஓட்டுவது.

ஓட்டுவது என்று சொன்னால் இப்போதெல்லாம் சிரிக்கிறார்கள். வண்டி தானாக ஓடுகிறது, தானாக நிற்கிறது. பிறகு எதற்கு முன்னால் ஒரு ஆள் என்று கேட்பீர்கள். ஏதாவது ஆகிவிட்டால் பழி போட ஒரு ஆள் வேண்டாமா? அதற்குத்தான் சம்பளம். எங்கள் முன்னால் ஒரு திரை, திரைக்குக் கீழே இரண்டு பொத்தான்கள். தண்டவாளத்தில் ஏதோ கிடக்கிறது, என்னவென்று இயந்திரத்துக்கே சந்தேகம் என்றால், 'ஆளா, பொருளா?' என்று எங்களைக் கேட்கும். ஆள் என்று அழுத்தினால் வண்டி குலுங்கிக்கொண்டு பிரேக் போடும். பொருள் என்று அழுத்தினால் போய்க்கொண்டே இருக்கும். யோசிக்க ஒரு மூச்சு நேரம் கிடைக்கும். அந்த ஒரு மூச்சைச் சுமந்துகொண்டு மீதி ஆயுளைத் தள்ளுகிறவர்கள் எங்களில் நிறையப் பேர்.

என் தம்பி இசக்கிராஜாவும் அப்படித் தப்பான பொத்தானை அழுத்தியவன்தான். என்னைப் பார்த்து ரயில்வேக்கு வந்தவன். எங்கள் வீடு ஸ்டேஷனுக்கு முன்னால் வரும் அவுட்டர் சிக்னலை ஒட்டி, தண்டவாளத்தைப் பார்த்தபடி இருக்கிறது. அந்த வழியாக வண்டி கொண்டுவந்தால் வீட்டைத் தாண்டும்போது ஒரு ஹார்ன் அடிப்பான். யாருக்கும் தேவையில்லாத ஹார்ன். அதைக் கேட்டதும் அம்மா எழுந்து உலை வைப்பாள். அவன் கையெழுத்துப் போட்டு இறங்கி, சைக்கிள் மிதித்து வீட்டுக்கு வருவதற்கும் சோறு வடிப்பதற்கும் சரியாக இருக்கும். விதிப்படி தப்பு என்று நான் அவனைத் திட்டாத நாள் கிடையாது. நான் ஒரு நாளும் அப்படி அடித்ததில்லை.

அந்தப் பொத்தானை அழுத்திய பிறகு இசக்கி யாரோடும் பேசவில்லை. ஒரு நாள் காலையில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவனாகவே கிளம்பினான். வேலைக்குப் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. டப்பாவின் மூடியை மட்டும் அடுப்படி மேடையிலேயே விட்டுவிட்டான். மூடியில்லாத டப்பாவோடு எவனாவது வீட்டை விட்டுப் போவானா? மறந்துவிட்டான், எடுக்க வருவான் என்று சாயங்காலம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். வருஷங்கள் போய்விட்டன. மூடி என் பீரோவில் இருக்கிறது. அதைப் பற்றி நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட.

அவன் ஏன் வாய் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்குக் கொஞ்ச காலம் முன்பு ஒரு டிரைவர், ஆறுதலுக்கென்று நியமித்த சக டிரைவரிடம் மனசைத் திறந்து, 'அந்த நேரம் கண்ணசந்துட்டேன்' என்று அழுதிருக்கிறார். விசாரணையில், அதைக் கேட்ட அந்தச் சக டிரைவரைக் கூண்டில் ஏற்றினார்கள். அவர் கெட்டவர் இல்லை, சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டார்கள், சொல்லிவிட்டார். அழுதவர் ஜெயிலுக்குப் போனார். அன்றோடு எங்கள் ஆட்கள் எல்லோரும் வாயைத் தைத்துக்கொண்டார்கள். இசக்கி வீட்டை விட்டுப் போனான். வேறு சிலர் உலகத்தை விட்டே போனார்கள்.

அதற்கப்புறம்தான் சட்டம் வந்தது. 'துணைக் குரல்' என்ற தொலைபேசி வரிசையில் பேசுவதை எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது, கேட்பவர் சாட்சி ஆக மாட்டார். ஆனால் சட்டத்தை நம்ப எங்கள் ஆட்கள் என்ன நேற்றுப் பிறந்தவர்களா? இன்றைக்குப் போட்டதை நாளைக்கு மாற்றுவார்கள் என்று யாரும் கூப்பிடவில்லை. அதனால் போர்வையைக் கொண்டுவந்தார்கள்.

போர்வை என்பது நாங்கள் வைத்த பெயர். பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் இருக்கும் இயந்திரம் அது. இரண்டு பக்கமும் குரலை மாற்றும், வட்டாரப் பேச்சை வழித்தெடுக்கும், வயசு தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது. ஊர், பெயர், பண்டம், பழக்கவழக்கம், அடையாளம் காட்டும் எதுவாக இருந்தாலும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறொன்றை வைத்துவிடும். உறவுமுறையை மட்டும் தொடாது. பயிற்சியின் முதல் நாளில், மையத்தின் பொறுப்பாளர் ஹமீதா மேடம் எங்களிடம் சொன்னார்:

"தெரிஞ்சாத்தானே சாட்சி சொல்ல முடியும்? உங்களுக்கு எதுவுமே தெரியாது. அவங்க அழுகை மட்டும் நெஜம். அது உங்க கிட்ட அப்படியே வரும்."

"ஒருவேளை ஆளு யாருன்னு தெரிஞ்சுட்டா மேடம்?" என்று கேட்டேன்.

"தெரிஞ்ச அந்த நிமிஷமே என்கிட்ட சொல்லணும். இணைப்பைத் துண்டிச்சிருவோம். அப்புறம் வாழ்க்கையில அவரோட நீங்க பேசவே முடியாது. சொல்லாம மறைச்சா, பாதுகாப்பு போச்சு. அதுவரைக்கும் அவரு பேசினது அத்தனையும் கோர்ட்டுல நிக்கும். நீங்கதான் முதல் சாட்சி."

நான் முதலில் அந்த வரிசையில் பேசியவள். கேட்டவளாக ஆனது பிறகுதான். இசக்கி போன துக்கத்தில் வாரக்கணக்காக யாரிடமோ கொட்டினேன். ஹார்ன், உலை, அவன் வெந்தய தோசைக்குச் சீனி தொட்டுக்கொள்வது, தூங்கும்போது செருப்பைக் கட்டிலுக்கடியில் கவிழ்த்து வைப்பது, எல்லாம். பிறகு நானும் ஒரு காதாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஓய்வு நாளில் மதியம் ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன். ஊரில் உள்ள டிரைவர்களுக்கெல்லாம் புண்ணியம் செய்யக் கிளம்பினேன் என்று சொல்ல மாட்டேன். என்றைக்காவது ஒரு நாள் அவன் கூப்பிடுவான் என்ற ஆசைதான்.

மாணிக்கம் என்று போர்வை எனக்குச் சொன்ன ஒருவர் என் பங்குக்கு வந்தார். முதல் சில வாரம் மூச்சுதான் கேட்டது. பிறகு ஒரு நாள் சொன்னார்.

"பொருள்னு அழுத்தினேன். பொருள் இல்ல."

"ஒரு மூச்சு நேரத்துல யாருக்குத் தெரியும்? எல்லாரும் அப்படித்தான் அழுத்துறோம்" என்றேன்.

"இல்ல. விசாரணையில அப்படித்தான் எழுதினாங்க. நான் பாதையப் பார்க்கவே இல்ல. செல்லுல ஒரு போட்டோவப் பார்த்துட்டு இருந்தேன். பார்க்காமயே அழுத்தினேன்."

இது வெளியே போனால் அவருக்குச் சிறை. நான் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன், யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று தெரிந்தும்.

"யாரு போட்டோ?"

"வீட்ல இருந்த ஒருத்தி. கோவக்காரி." அதற்குமேல் உறவைச் சொல்லவில்லை. அவர் எப்போதுமே 'வீட்ல' என்பார், 'அவ' என்பார், அவ்வளவுதான்.

அடுத்த வாரம், அவரைப் பேசவைக்க நான் வழக்கம்போல அம்மாவின் சமையலைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "வீட்டத் தாண்டும்போது ஒரு ஹார்ன் அடிப்பேன். அதக் கேட்டதும் வீட்ல உலை வைப்பாங்க" என்றார்.

இசக்கியின் ஹார்ன் அது. அதற்கடுத்த வாரம் தோசையும் சீனியும் வந்தது. அதற்கும் பிறகு கவிழ்த்து வைத்த செருப்பு வந்தது. அப்புறம் எனக்குச் சந்தேகமே இல்லை. கோவக்காரி நான்தான். இசக்கி உயிரோடு இருக்கிறான். வடக்கே ஏதோ துறைமுக ரயிலில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், அங்கேயும் அதே பொத்தானைத் தப்பாக அழுத்திவிட்டு விடுப்பில் இருக்கிறான் என்று மீதிக் கதையை நானே கட்டிக்கொண்டேன்.

ஹமீதா மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் குரல் போய்விடும். போர்வைக்குள்ளிருந்து வரும் அந்த மொட்டைக் குரல்கூடப் போய்விடும். சொல்லாமல் இருந்தாலோ அவன் கழுத்தில் நானே கயிற்றை மாட்டுகிறேன். அது தெரிந்துதான் இருந்தேன். ஒரு ஆளின் குரலுக்கு இவ்வளவு பசி இருக்கும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

அதுவரை நீங்க, வாங்க என்று பேசிக்கொண்டிருந்தவள் அவனைத் திட்ட ஆரம்பித்தேன். "சாப்பிட்டியா? என்ன சாப்பிட்ட? வெறும் டீயா? வெறும் வயித்துல மாத்திரை போட்டா குடல் என்னத்துக்கு ஆகும்? அறிவிருக்கா?" எதிர்முனையில் ஒரு சிரிப்பு. அத்தனை வாரத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. அதற்கப்புறம் அவன் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தான், தூங்க ஆரம்பித்தான். என்ன சாப்பிட்டான் என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தான்.

வீட்டில் அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஏட்டி, என்ன விசேஷம்? பாட்டெல்லாம் முனங்குத."

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கு மூஞ்சி இப்படியா இருக்கும்?"

தொண்டைவரை வந்துவிட்டது. உன் மகன் சாப்பிடுகிறான் அம்மா, தூங்குகிறான் அம்மா, நேற்று சிரித்தான் அம்மா என்று சொல்லிவிடலாம். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறவளிடம் அதைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய பாவம்! சொல்லவில்லை. குழம்பு சுண்டிவிட்டது என்று எழுந்து போனேன்.

ஆனாலும் மனசுக்குள் ஒரு முள் உறுத்தியது. போர்வை எல்லாவற்றையும் மாற்றும் என்றால் ஹார்னை மட்டும் ஏன் விட்டது? கேட்டுவிடலாம் என்று ஹமீதா மேடத்தின் அறைக்குப் போனேன். பொதுவாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

"மேடம், ஒருத்தர் சொன்னத எடுத்துட்டு வேற ஒண்ண வைக்குதே, அந்த வேற ஒண்ணு எங்கருந்து வருது?"

"முன்னாடி பேசினவங்க சொன்னதுலருந்துதான். ஆளு அடையாளத்த எல்லாம் கழட்டிட்டு உதிரியா வச்சிருக்கும். பழைய வண்டியில கழட்டின பாகம் மாதிரி. ஒருத்தரு வீட்டுக்கு வரும்போது வாசக் கதவ மூணு தடவ தட்டுவாருன்னு வச்சுக்கோங்க. அத எடுத்துட்டு, அதே அர்த்தத்துக்கு வேற ஒரு பழக்கத்த மாட்டிடும்."

"எந்த உதிரிய மாட்டணும்னு எப்படி முடிவு பண்ணும்?"

"கேக்கறவங்களுக்குப் பழக்கமானதாப் பார்த்து எடுக்கும். இல்லன்னா அது என்ன, இது என்னன்னு நடுவுல கேப்பீங்க. பேசறவரு நின்னுருவாரு."

"கேக்கறவங்களே முன்னாடி பேசினவங்களா இருந்தா?"

ஹமீதா மேடம் கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார். நான் முதலில் எதற்கு அந்த வரிசையில் பேசினேன் என்று அவருக்குத் தெரியாது. தெரியக் கூடாது. ஆனால் ஏதோ புரிந்தது.

"செண்பகம், நீங்க எங்கிட்ட எதுவும் கேக்கல. நானும் எதுவும் சொல்லல. டீ குடிக்கிறீங்களா?" என்றார். குரல் கனிந்திருந்தது.

டீயைக் குடித்தேனா என்று நினைவில்லை. ஆக, மாணிக்கம் என்கிற ஆள் கதவைத் தட்டினாரோ விசில் அடித்தாரோ, எனக்குத் தெரியாது. அவர் வீட்டுப் பழக்கத்தைக் கழற்றிவிட்டு என் தம்பியின் ஹார்னை மாட்டி எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கலாம். நான் கொட்டிய தோசை, நான் கொட்டிய செருப்பு. அல்லது அது நிஜமாகவே இசக்கியாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைக் கேட்க வேண்டும். 'டிபன் மூடியை எங்க வச்சிட்டுப் போன?' அவ்வளவுதான் கேள்வி. நான் வரிசையில் சொல்லாத மூடியை எந்த உதிரியிலிருந்தும் எடுத்து மாட்ட முடியாது. அவன் இசக்கி என்றால் ஒரு நொடி திணறுவான். அந்தத் திணறல் எனக்குப் போதும்.

ஆனால் அவன் இசக்கி என்று தெரிந்துவிட்டால்? தெரிந்த நொடியிலிருந்து நான் சாட்சி. ஹமீதா மேடத்திடம் ஓட வேண்டும், இணைப்பு அறுந்துவிடும். இசக்கி இல்லை என்று தெரிந்தால், தம்பியை இரண்டாவது தடவை தொலைக்க வேண்டும். கேட்டாலும் போச்சு, கேட்காவிட்டாலும் போச்சு. அந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லை. கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். எது ஆனாலும் ஆகட்டும், ஒரே ஒரு தடவை அவன்தான் என்று தெரிந்தால் போதும் என்று இருந்தது. அவ்வளவு சுயநலம்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அடுத்த மதியம் ஹெட்போனை மாட்டியதும் மாணிக்கமே ஆரம்பித்தார்.

"நாளைக்கு மறுபடி வண்டி எடுக்கறேன். டாக்டர் சரின்னுட்டாரு. இதான் நம்ம கடைசிப் பேச்சு."

வேலைக்குத் திரும்பினால் இணைப்பு முடிந்துவிடும், அதுவும் விதி. இனி அவருக்கு வேறு தேவை வந்தால் வேறு காது.

"நல்லது" என்றேன். "நான் ஒண்ணு கேக்கணும்."

"நானும் ஒண்ணு கேக்கணும். நான் முதல்ல கேட்டுரட்டுமா? இல்லன்னா தைரியம் போயிரும்."

"கேளு."

நீண்ட மூச்சு ஒன்று வந்தது.

"நீ என் மகதானே?"

எனக்கு உடனே புரியவில்லை. உறவுமுறையைப் போர்வை மாற்றாது. மகள் என்றால் மகள்தான்.

"எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்மா" என்றார் அவர். "நீ பேசறதுல வர்றது எல்லாம் நம்ம வீட்டு விஷயம். உங்கம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பச் சொன்ன. சாப்பிட்டு முடிச்சதும் ஒரு துண்டு வெல்லம் கேப்பேன்னு சொன்ன. அப்பவும் யாரோன்னுதான் நெனச்சேன். அப்புறம் ஒரு நாள் திடீர்னு திட்டினியே, சாப்பிட்டியா, அறிவிருக்கான்னு, அன்னைக்கு முடிவு பண்ணிட்டேன். என்னை அப்படித் திட்டினவ இந்த உலகத்துல நீ ஒருத்திதான். அந்தப் பையனக் கட்டிக்கிறேன்னு நீ சொன்னப்ப, வெளிய போன்னு சொன்னேன். நீ போயிட்ட. அன்னைக்கு வண்டியில பார்த்துட்டு இருந்தது உன் போட்டோதான்."

நான் கருவாட்டுக் குழம்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வெல்லமும் சொல்லவில்லை. நான் என் வீட்டைச் சொல்லச் சொல்ல, போர்வை அவருக்கு அவர் வீட்டையே எடுத்துக் கொடுத்திருக்கிறது. நான் அவரைத் தம்பியாக்கிக்கொண்டு திட்டிய அன்றைக்குத்தான் அவர் என்னை மகளாக்கிக்கொண்டிருக்கிறார்.

இசக்கி இல்லை. இத்தனை வாரம் நான் சோறு ஊட்டியது, வயசான யாரோ ஒரு மனுஷருக்கு. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஆமாம் என்றால் அது பொய். இல்லை என்றால், நாளைக்கு அந்தப் பொத்தானுக்கு முன்னால் உட்காரப்போகிற மனுஷன் நொறுங்கிப்போவார். அவரோ பதிலுக்காகக் காத்திருந்தார்.

"சட்டப்படி நான் ஆமான்னும் சொல்லக் கூடாது, இல்லன்னும் சொல்லக் கூடாது" என்றேன். உண்மை அதுதான்.

அவர் அழுதார். அழுகையைப் போர்வை தொடாது. பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"இது போதும். வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்." அவரே தொடர்ந்தார், "நீ என்னமோ கேக்கணும்னியே?"

டிபன் மூடி என் நாக்கில் இருந்தது. விழுங்கினேன்.

"மதியம் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். வயிறு நெறையச் சாப்பிட்டேன்."

"நாளைக்கும் சாப்பிட்டுட்டுதான் ஏறணும். ஏறினப்புறம் பாதையப் பார்க்கணும். போட்டோவ வீட்ல வச்சிட்டுப் போ."

"சரிம்மா" என்றார். இணைப்பு முடிந்தது.

ஹமீதா மேடத்திடம் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. அவர் யாரென்று எனக்குத் தெரியாது, நான் யாரென்று அவருக்குத் தெரியாது. சட்டம் கேட்டது அதைத்தான். அவர் என் தம்பியாக இருந்திருந்தால் அவர் சொன்ன ரகசியம் நாளைக்கு அவரையே சிறைக்கு அனுப்பியிருக்கும். இல்லாததால் தப்பித்தார். இதை நினைத்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் எனக்குத் தூத்துக்குடி நிலக்கரி வண்டி. ஏறியதிலிருந்து ஒரே நினைப்பு. இசக்கி எங்கேயாவது இருந்தால், இந்த வரிசையில் எவளோ ஒருத்தியிடம் மூச்சு விட்டுக்கொண்டிருப்பான். அவளும் அவனைத் திட்ட வேண்டும். சாப்பிட்டியா என்று கேட்க வேண்டும். அவள் யாராக இருந்தாலும் சரி, அவனைத் தன் ஆளாக நினைத்துக்கொள்ள வேண்டும். சாமி கும்பிடாதவள் நான். அன்றைக்கு ஊர்வரைக்கும் அதையே வேண்டிக்கொண்டு வந்தேன்.

அவுட்டர் வந்தது. வீடு தெரிந்தது. என் கை தானாகப் போய் ஹார்னை அடித்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் அடித்த முதல் தேவையில்லாத ஹார்ன். அடித்த பிறகுதான் பதறினேன். அம்மா அவன் வந்துவிட்டான் என்று நினைத்தால் நான் என்ன சொல்வேன்?

கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஆவி முகத்தை மறைத்தது.

"அம்மா, அந்த ஹார்ன்..." என்று ஆரம்பித்தேன்.

"நீதானே அடிச்ச" என்றாள், திரும்பாமல்.

"எப்படித் தெரியும்?"

"அவன் இழுத்து விடுவான். நீ பயந்துக்கிட்டே அடிச்சிருக்க. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா உலை வச்ச?"

அம்மா தட்டை எடுத்து வைத்தாள். சூடான சோற்றை அள்ளிப் போட்டாள்.

"யாரோ ஒருத்தர் அடிச்சாங்கள்லா. அடிச்ச ஆளுக்குப் பசிக்கும்லா. உக்காரு, சாப்பிடு."

நான் அவர் மகள் இல்லை என்று அந்தப் பெரியவருக்கும் ஒருவேளை தெரிந்தேதான் இருந்ததோ என்று அப்போது தோன்றியது. உட்கார்ந்து சாப்பிட்டேன்.